விலாசமும் வங்கியும்

இன்றைய தேசப்படத்தைப் பார்ப்பவர்களுக்கு இராமநாதபுரம் என்றால் பாம்பன் பாலமும், இராமேசுவரத்துப் பிராகாரங்களும், மண்டபத்து மீன்பிடி துறையும், முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காடுகளுமே நினைவுக்கு வரும். ஆனால் 1910-ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளை எடுத்து உருவாக்கப்பட்டு, 1985-ல் மூன்றாகப் பிரியும் வரை நிலைத்திருந்த பழைய இராமநாதபுரம் ஜில்லா, ஒரு பக்கம் சேதுக்கரையையும், மறு பக்கம் சிவகாசி, இராஜபாளையத்தையும், நடுவே காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய செட்டிநாட்டு ஊர்களையும் தன்னுள் அடக்கியிருந்தது. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட சீமையிலிருந்து புறப்பட்ட மூலதனமே பர்மாவின் ஐராவதி நதிக் கழிமுகத்தை உலகத்தின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாக ஆக்குவதற்குப் பெருந்துணையாக நின்றது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சீமையில், கானாடுகாத்தானில், 1908-ஆம் வருஷம் ஆகஸ்டு 2-ஆம் தேதி பிறந்து, நாற்பத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்து, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஸ்தாபித்துச் சென்ற எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரைப் பற்றியது இக்கட்டுரை. பலருடைய சேமிப்பை ஒன்றுதிரட்டி, அதை நெடுநாள் நின்று பயன் தரும் தொழில்களில் செலுத்தி, அதற்குத் தம் பெயரையே ஜாமீனாக நிறுத்துகிறவரை இக்காலத்தில் முதலீட்டு வங்கியாளர் என்கிறோம். அவர் காலத்தில் அப்படி ஒரு பட்டம் வழக்கில் இல்லை. ஆயினும் அந்தக் காரியத்தை அவரைப் போலத் துணிந்து செய்தவர்கள் தென்னாட்டில் மிகச் சிலரே.

அவர் செய்தது எத்தகைய மாறுதல் என்பது விளங்க வேண்டுமானால், அதற்கு முன்பு நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பணம் எவ்வாறு நடமாடியது என்பதைச் சற்று விரிவாகவே தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. பாட்டன், தகப்பன் முதலியோருடைய பெயர்களின் முதலெழுத்துக்களால் ஆன அந்த விலாசம்தான் கடையின் பெயர், அதுதான் கையெழுத்து, அதுதான் சொத்து. ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ கடை வைத்திருக்கும் முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். அவர் சார்பில் ஏஜெண்டாகப் போகிறவர் மூன்று வருஷக் கணக்குக்குப் போய், கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். கடையிலே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிகள் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடியில் உட்கார்ந்த பையன், குறிப்பும் பேரேடும் எழுதப் பழகி, வட்டிக்கணக்கை மனத்திலேயே போடக் கற்று, ஒருநாள் தானே ஏஜெண்டாகி, பிறகு தனக்கென ஒரு கடை வைக்கவும் கூடும். சொந்தப் பணம் முதல் பணம். உறவினரும் கோயில்களும் பிறரும் நம்பிக் கொடுத்து வைப்பது மேம்பணம். ரங்கூனில் மொகல் தெருவிலிருந்த கோயிலில் மாதந்தோறும் கூடி, அம்மாதத்துக்குரிய நடப்பு வட்டியைத் தங்களுக்குள் நிச்சயித்துக்கொள்வார்கள். ஊர் விட்டு ஊர் பணம் அனுப்ப உண்டியல் இருந்தது. காட்டியவுடனே பணம் தர வேண்டிய தர்சன உண்டியலும், தவணை கழித்துத் தர வேண்டிய தவணை உண்டியலும் சமுத்திரம் தாண்டிச் செல்லுபடியாயின. ஒரு துண்டுக் காகிதத்தை நம்பி, முகமறியாத ஊரில் ஆயிரக்கணக்கில் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள் என்றால், அந்த நம்பிக்கை முழுவதும் அந்த நாலு எழுத்து விலாசத்தின்மேல் வைத்த நம்பிக்கையே.

1930-ல் அறிக்கை தந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அக்காலத்து 75 கோடி என்பதை இன்றைய கணக்கில் பெருக்கிப் பார்க்க வாசகரிடமே விட்டுவிடுகிறேன்.

சேதுக்கரைக்கும் இந்தப் பணத்துக்கும் இருந்த சம்பந்தம் சாமானியமானதன்று. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தாரும் இருந்தார்கள். இராமேசுவரம் கோயிலின் திருப்பணிகளில் தேவகோட்டை ஜமீன்தார் குடும்பம் எடுத்துக்கொண்ட பங்கு பெரிது. யாத்திரிகர் தங்க நகரத்தார் விடுதி அங்கே இன்றும் இருக்கிறது. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் போட் மெயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்து, மறுபடியும் ரயிலேறிக் கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்க முடிந்தது. கொழும்புச் செட்டியார் தெருவுக்குக் கணக்குப் பார்க்கப் போகும் ஏஜெண்டும், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணியின் பின்னால் போகும் ஏழைக் குடியானவரும் ஒரே ரயிலில் இராமேசுவரத் தீவைக் கடந்தார்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர்களை மண்டபத்து முகாமில் இறக்கி, நோய் தொற்றாதிருக்கும் பொருட்டுப் பல நாள் நிறுத்திவைத்துப் பரிசோதித்த பின்னரே அப்பால் அனுப்பினார்கள். பணத்துக்கும் உழைப்புக்கும் வழி ஒன்றாகவே இருந்தும், அவ்வழியில் இரண்டுக்கும் கிடைத்த மரியாதை ஒன்றாக இருக்கவில்லை.

சிதம்பரம் செட்டியாரின் தகப்பனார் சர் எம்.சி.டி. முத்தையா செட்டியார் சென்னையில் பெயர் பெற்ற வணிகர். புரசைவாக்கத்தில் அவர் பெயரால் விளங்கும் பள்ளிக்கூடம் பலருக்கும் தெரிந்ததே. 1929-ல் அவர் காலமானபோது, குடும்பத்துப் பொறுப்பெல்லாம் இருபது வயதைச் சற்றே கடந்த மகனின் தோளில் வந்து இறங்கியது. அது எப்படிப்பட்ட வருஷம்! அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்து, உலகமெங்கும் விலைவாசி கவிழ்ந்து, பர்மாவில் நெல்லுக்குக் கேட்பாரில்லாமற் போய், கடன் வாங்கிய உழவர்கள் வட்டிகூடக் கட்ட இயலாமல் நிலத்தைக் கைவிட்டனர். முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் வசமான நிலம், எட்டே வருஷங்களுக்குள் நூற்றுக்கு இருபத்தைந்தாக உயர்ந்தது. வெளியே பார்ப்பவர்களுக்கு அது ஆஸ்தி பெருகியதாகத் தோன்றிற்று. உள்ளே இருந்தவர்களுக்கோ அது ரொக்கம் மண்ணாய்ப் போன கதை. நிலம் இழந்த பர்மிய உழவருக்கு அது எதுவாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பாட்டன் உழுத வயலிலே வாரத்துக்கு உழும் கதி. பின்னாளில் அந்நாட்டில் நம்மவர்மேல் மூண்ட துவேஷத்துக்கு இது ஒரு வலுவான காரணம்.

இந்த நெருக்கடியைத் தம் இளமையிலேயே கண்ட சிதம்பரம் செட்டியார், வட்டிக்கடையின் காலம் முடிந்துகொண்டிருப்பதைத் தம் வகுப்பில் முன்னதாக உணர்ந்தவர்களுள் ஒருவர். விலாசத்தின்மேல் நிற்கும் நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. முதலாளி இறந்தால் மேம்பணம் வைத்தவர்கள் கலங்குவார்கள். பங்காளிகள் பிரிந்தால் கடை பிரியும். ஓர் ஊரில் நெல் விலை சரிந்தால் குடும்பமே சரியும். ஒரு குடும்பத்தின் ஆயுளைத் தாண்டி நிற்கக்கூடிய, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட, ஐந்தொகையைப் பொதுவில் வெளியிடும் கூட்டுப்பங்கு வங்கி ஒன்றுதான் அந்த நம்பிக்கையைச் சுமக்கவல்லது. இது அவர் ஒருவருக்கே தோன்றிய எண்ணம் என்று சொல்வதற்கில்லை. 1906-ல் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பை விழுங்கியதன் விளைவாக 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தபோதே நகரத்தார் அதில் முன்னின்றார்கள். ஆனால் கடல் கடந்த வியாபாரத்தையே முதல் நோக்கமாக வைத்து ஒரு வங்கியை நிறுவும் தைரியம் சிதம்பரம் செட்டியாருக்கே வந்தது.

1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் கதவு திறந்தது. பினாங்குக் கிளை விரைவில் பின்தொடர்ந்தது. ஸ்தாபகருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. அந்தத் தேதியை அரசியல் நிகழ்ச்சிகளோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஏழு வாரங்களுக்குப் பின், ஏப்ரல் 1-ஆம் தேதியன்று, பர்மா இந்தியாவிலிருந்து அரசியல் ரீதியாகப் பிரிக்கப்பட்டது. அதுகாறும் ஒரே ராஜ்யத்தின் இரண்டு மாகாணங்களாக இருந்த சென்னையும் ரங்கூனும் இரண்டு தேசங்களாயின. ரூபாய் வழங்காத மலாயா முதலிய நாடுகளிலிருந்து பணம் அனுப்புவது அந்நியச் செலாவணிக் காரியம். அதுவோ அக்காலத்தில் சார்ட்டர்டு, மெர்க்கண்டைல், நேஷனல் முதலிய வெள்ளைக்காரச் செலாவணி வங்கிகளின் ஏகபோகம்.

செலாவணி என்றவுடன் இது நமக்கு எட்டாத விஷயம் என்று வாசகர் ஒதுங்கிவிடக் கூடாது. மலாயாவில் ரப்பர்த் தோட்டத்திலோ கடையிலோ உழைத்துச் சேர்த்த ஒருவர் தம் ஊருக்குப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நாணயம் டாலர், பிரிட்டிஷ் கணக்கில் ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். இங்கே ரூபாய், ஒன்றுக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஆக ஒரு டாலருக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்றே அதிகம் கிடைக்க வேண்டும். ஆனால் டாலரை வாங்கி ரூபாயைக் கொடுக்கும் வங்கி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் தனக்கொரு லாபத்தை வைத்துக்கொள்ளும். தனித்தனியே பார்த்தால் அது அற்பத்தொகை. நாடு முழுவதும் சேர்ந்தால் வெள்ளம். இந்தியருடைய உழைப்பும் இந்தியருடைய மூலதனமும் ஈட்டியதை இந்தியாவுக்குக் கொண்டுவரும் கூலி மட்டும் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஏற்பாட்டில் நம்மவருக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே புதிய வங்கியின் சங்கற்பம். அன்றி, வெள்ளைக்கார வங்கியின் முகப்பில் நிற்கவே கூசும் சின்னக் கடைக்காரருக்குத் தமிழிலேயே பேசிக் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதியும் கிடைத்தது.

வங்கி பிறந்த வேளை நல்ல வேளை என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷமே, 1938 ஜூனில், திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்திவிட, தென்னாடெங்கும் வங்கிகளின்மேல் ஜனங்களுக்குச் சந்தேகம் பிறந்தது. அதிலிருந்து மீள்வதற்குள் யுத்தம் வந்துவிட்டது. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமாயிற்று, ரங்கூனில் குண்டு விழுந்தது. மறு பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தன. எந்தக் கிளைகளுக்காக வங்கி ஏற்பட்டதோ அந்தக் கிளைகளே கையை விட்டுப் போயின. தனிக்கடைகள் பல இந்த அடியில் எழுந்திருக்கவே இல்லை. பர்மாக் காடுகளின் வழியாக நடந்தே வந்து, உயிர் மட்டும் மிஞ்சியதாகச் சொன்ன குடும்பங்கள் செட்டிநாட்டில் எத்தனையோ. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி நின்றது. யுத்தம் ஓய்ந்ததும் இழந்த கிளைகளைத் திரும்பத் திறந்தது. கொழும்பு, பாங்காக் முதலிய நகரங்களிலும் கால் ஊன்றியது. விலாசத்துக்குப் பதிலாக ஸ்தாபனம் என்று அவர் செய்த முடிவுக்கு இதைவிடத் தெளிவான நியாயம் வேண்டியதில்லை.

வங்கியோடு அவர் நிற்கவில்லை. யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியும், தீ முதலிய விபத்துக்களுக்கான யுனைடெட் இந்தியா பொது இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அவர் குழுமத்தின் கீழ் வளர்ந்தன. இந்த இரண்டையும் வங்கிக்கு அருகில் வைத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வங்கியில் போட்ட பணத்தை உரியவர் நாளைக்கே கேட்கலாம். ஆகவே அதை இருபது வருஷம் கழித்துப் பலன் தரும் காரியத்தில் முடக்குவது அபாயம். ஆயுள் இன்ஷூரன்ஸ் தவணையோ வருஷந்தோறும் தவறாமல் வரும், திருப்பித் தர வேண்டிய காலமும் ஏறத்தாழ முன்பே தெரியும். நீண்டநாள் முதலீட்டுக்கு அதுவே உகந்த பணம். எந்தப் பணத்துக்கு எவ்வளவு பொறுமை உண்டு என்பதை அறிவதுதான் முதலீட்டு வங்கியாளரின் ஞானம் முழுவதும் என்று சொன்னால் மிகையாகாது. 1946-ல் பெரும்பாவூரில், பெரியாற்றின் கரையில், அவர் ஆரம்பித்த திருவாங்கூர் ரேயான்ஸ் இந்நாட்டின் முதல் ரேயான் ஆலை. நகரத்தார் பணம் அதுவரை பிறருடைய விளைச்சலுக்குக் கடன் கொடுத்தது. இப்போது அது தானே ரசாயனமும் யந்திரமும் கொண்டு நூல் செய்யத் துணிந்தது. அந்த ஆலை இருந்த இடத்துக்கு இன்னும் ரேயான்புரம் என்றே பெயர்.

சென்னை மவுண்ட் ரோடில் யுனைடெட் இந்தியாவுக்காக அவர் திட்டமிட்ட பெருங்கட்டடத்தை லண்டன் கட்டடக் கலைஞர்களான பிரவுனும் மௌலினும் வரைந்தார்கள். அது எழுந்து முடிவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1954 மார்ச் 13-ஆம் தேதி, ஜகார்த்தாவிலிருந்து வந்த பி.ஓ.ஏ.சி. விமானம் சிங்கப்பூர் காலாங் நிலையத்தில் இறங்கும்போது ஓடுபாதையின் முகப்பிலிருந்த சுவரில் இடித்துக் கவிழ்ந்து தீப்பற்றியது. பிரயாணிகள் 31 பேரும் மாண்டார்கள். அவர்களுள் சிதம்பரம் செட்டியார் ஒருவர். தம் வங்கி யுத்தத்துக்குத் தோற்று மறுபடி வென்றெடுத்த அதே ஊரில் அவர் முடிவும் நேர்ந்தது.

ஸ்தாபனங்களின் கதை அப்புறமும் தொடர்கிறது. 1956-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமாயிற்று. மவுண்ட் ரோட்டுக் கட்டடம் எல்.ஐ.சி.யின் சொத்தாகி 1959-ல் திறக்கப்பட்டது. அப்போது அது தேசத்திலேயே உயரமான கட்டடம், ஜனங்கள் வாயில் 'பதினாலு மாடி'. 1963-ல் பர்மிய அரசாங்கம் ரங்கூன் கிளையை எடுத்துக்கொண்டது. 1969 ஜூலை 19-ஆம் தேதி நாட்டுடைமையான பதினான்கு வங்கிகளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. அன்று அதற்கு உள்நாட்டில் 195 கிளைகள், சுமார் 67 கோடியே 70 லட்சம் ரூபாய் டெபாசிட். பொது இன்ஷூரன்ஸும் பின்னர் அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது, யுனைடெட் இந்தியா என்ற பெயர் மாத்திரம் பெரிய பொதுத்துறை ஸ்தாபனம் ஒன்றின் பெயராக நிலைத்தது. அந்நிய அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கி தன் நாட்டில் இருக்கலாகாது என்று மலேசியா சட்டம் செய்தபடியால், 1973-ல் அங்கிருந்த கிளைகள் இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி இவற்றின் கிளைகளோடு இணைந்து யுனைடெட் ஏஷியன் வங்கியாயின. பாங்காக் கிளையை ஏற்க அதே வருஷம் சென்னையில் பாரத் ஓவர்சீஸ் வங்கி ஏற்பட்டு, 2007-ல் தாய் வீட்டோடு சேர்ந்தது. ஒருவர் கட்டி வளர்த்த வங்கியும் இரண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் பொதுஜனங்களின் உடைமையாகி நிற்பதைக் குடும்பத்துக்கு நேர்ந்த நஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். தம் ஆயுளைத் தாண்டி நிற்க வேண்டும் என்று அவர் கட்டியவை அவ்வாறே நிற்கின்றன என்று நான் அதைக் கொள்கிறேன்.

இனிச் சேதுக்கரைக்கு வருவோம். 1969 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த ஏற்பாட்டின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முன்னோடி வங்கி உண்டு. மாவட்டத்துக்கு வேண்டிய கடன் எவ்வளவு, அது யார் யாருக்குச் சேர வேண்டும் என்று வருஷந்தோறும் திட்டம் போடுவது அதன் கடமை. இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அந்த முன்னோடி வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியே. ஒரு காலத்தில் இந்த ஜில்லாவின் பணத்தை ஐராவதிக்கும் பினாங்குக்கும் கொண்டுபோன ஸ்தாபனம், இப்போது அதே மண்ணின் மிளகாய்க்கும் வல்லத்துக்கும் வலைக்கும் கடன் ஏற்பாடு செய்யும் பொறுப்பில் இருக்கிறது.

அந்தப் பொறுப்பு இலகுவானதன்று. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் முதலிய கரைகளில், படகும் வலையும் இஞ்சினும் வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், பிடிபட்ட மீனை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கக் கட்டுப்படுகிறார். வட்டி என்று ஒரு பைசாவும் எழுதப்படுவதில்லை. விலையிலேயே அது கழிந்துவிடுகிறது. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். வங்கிக்கு மாறினால் இவர்கள் கணக்கில் எவ்வளவோ மிஞ்சும் என்பதில் ஐயமில்லை. 2018-19 முதல் விவசாயக் கடன் அட்டை மீன்பிடிப்போருக்கும் உண்டு என்று அரசாங்கம் விதி செய்திருக்கிறது. பெண்களின் சுய உதவிக் குழுக்களும் வங்கியோடு இணைந்திருக்கின்றன. ஆயினும் வியாபாரியிடம் இருக்கும் ஒன்று வங்கியிடம் இல்லை. எவன் எப்போது கடலுக்குப் போனான், எவன் வீட்டில் கல்யாணம், எவன் சொன்னால் சொன்னபடி கொடுப்பான் என்பது வியாபாரிக்குத் தெரியும். இராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் பணம் கிடைக்கும். பழைய செட்டியார் கடையின் ஏஜெண்டுக்கும் இந்த அறிவுதான் உண்மையான முதல். கடையை வங்கியாக்கியபோது பேரேடும் ஐந்தொகையும் கடல் தாண்டி வந்து சேர்ந்தன. ஆளை அறிந்து கடன் கொடுக்கும் அந்தப் பழக்கம் முழுமையாக வந்து சேரவில்லை. சிதம்பரம் செட்டியார் இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் அதற்கு என்ன வழி கண்டிருப்பார் என்று பலமுறை நினைத்ததுண்டு.

மாவட்டத்தின் கடன் திட்டத்தைப் பரிசீலிக்கும் வங்கியாளர் கூட்டம் கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. வயலுக்கு எவ்வளவு, கடலுக்கு எவ்வளவு, கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, கிடைக்காதவர்களுக்கு என்ன காரணம் சொல்லப்பட்டது என்பனவெல்லாம் அங்கே கேட்கத் தக்க கேள்விகள். கரையிலுள்ள மீனவர் சங்கங்களும் பெண்கள் குழுக்களும் அவற்றை எழுத்து மூலம் கேட்டு, விடையையும் எழுத்து மூலம் பெற்றுக்கொள்ள வேண்டும்.